கத்தோலிக்க நம்பிக்கையை இணையத்தில் படிக்க: எங்கே தொடங்குவது, எப்படிச் சரிபார்ப்பது

கேள்வியின் சுருக்கம் இது: "நான் பிறப்பால் கிறிஸ்தவர் அல்ல. கத்தோலிக்க நம்பிக்கையை முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் தேடினால் யூடியூப் பிரசங்கமும் வாட்ஸ்அப் செய்தியுமாகக் கொட்டுகிறது, ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. எந்தத் தளத்தை நம்பலாம்?"

தளங்களின் பெயர்களைச் சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு இருக்கும் ஒரு வசதியைச் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை தான் போதிப்பதை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறது. நம்பிக்கையை முழுவதுமாக விளக்கும் அதிகாரப்பூர்வ நூலான மறைக்கல்வி நூலில் 2865 பத்திகள். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1752 சட்டங்கள். 1962 முதல் 1965 வரை உலக ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 16 ஏடுகளிலும் பத்திக்குப் பத்தி எண் உண்டு. அதனால் யார் வந்து "திருச்சபை இப்படித்தான் சொல்கிறது" என்றாலும், "எந்த நூல், எந்த எண்?" என்று கேட்டுவிடலாம். எண் கிடைத்தால் நீங்களே திறந்து பார்க்கலாம். எண் தராமல் குரலை மட்டும் உயர்த்துகிறவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வையுங்கள்.

எண்களைத் திறந்து பார்க்க முதல் இடம் வத்திக்கானின் அதிகாரப்பூர்வத் தளம். இந்தியாவுக்கு '.இன்' என்பதுபோல வத்திக்கான் நாட்டுக்கு உரிய இணைய முடிவு '.விஏ'. திருப்பீடத்தின், அதாவது வத்திக்கானில் உள்ள திருச்சபைத் தலைமையின், தளங்கள் இந்த முடிவோடுதான் வரும். 'வாட்டிகன்' என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு '.காம்' என்று முடியும் தளம் யாருடையதாகவும் இருக்கலாம். அப்படிப் பெயர் வைத்தவற்றுள் இன்றைய திருத்தந்தையை (போப்பை) திருத்தந்தையாகவே ஏற்காதவர்கள் நடத்துவதும் உண்டு. பார்வைக்கு அதுதான் மற்ற எதையும்விட அதிகக் கத்தோலிக்கமாக இருக்கும்: இலத்தீன் வாசகம், பழைய பலிபீடப் படம், புனிதர்களின் மேற்கோள். முகவரியின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

அந்தத் தளத்தில் மறைக்கல்வி நூல் முழுவதும் இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம், இத்தாலியம், பிரெஞ்சு எனப் பல மொழிகளில் வாசிக்கலாம், தமிழில் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் அச்சுப் பதிப்பைக் கத்தோலிக்கப் புத்தக நிலையங்களில் கேளுங்கள். நூலைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 அக்டோபர் 11 அன்று வெளியிட்டார். திருத்திய இலத்தீன் மூலப் பதிப்பு 1997இல் வந்தது. நான்கு பாகங்கள்: நம்பிக்கை அறிக்கை, வழிபாடும் திருவருட்சாதனங்களும் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை), பத்துக் கட்டளைகளை ஒட்டிய ஒழுக்கவாழ்வு, இறைவேண்டல்.

பலர் முதல் பத்தியில் தொடங்கி, நாற்பது ஐம்பது பத்தியில் களைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் 'சுருக்கம்' என்று சில பத்திகள் வரும். அதை முதலில் படியுங்கள், பிறகு தலைப்பின் தொடக்கத்துக்குப் போங்கள். அச்சுப் பதிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும் பகுதிகள் வரலாற்று விளக்கமோ கூடுதல் குறிப்போ ஆகும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போகலாம். ஓரத்தில் உள்ள எண்கள் அதே கருத்து வேறு எங்கே வருகிறது என்று காட்டும். ஒரு விஷயத்தைத் தேடிப் போகிறவருக்கு உள்ளடக்கத்தைவிட அந்த ஓர எண்களே அதிகம் உதவும். அடிக்குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வாக்கியம் விவிலியத்திலிருந்து வந்ததா, ஆயர்களின் பொதுச்சங்கத்திலிருந்து வந்ததா, ஒரு புனிதரின் எழுத்திலிருந்து வந்ததா என்பதை அதுதான் சொல்லும்.

இவ்வளவும் வேண்டாம், கேள்வி பதிலாகப் போதும் என்றால் 2005இல் வந்த மறைக்கல்விச் சுருக்கம் இருக்கிறது. மொத்தம் 598 கேள்விகள். நாளுக்கு ஐந்து என்று வைத்தால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். ஒவ்வொரு பதிலோடும் பெரிய நூலின் பத்தி எண் குறிக்கப்பட்டிருப்பதால், சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் ஆழமாகப் போகலாம்.

மறைக்கல்வி நூலை வேறு ஏதாவது தளத்திலோ கைக்கு வந்த பிடிஎஃப் கோப்பிலோ படித்தால், அது திருத்தப்பட்ட பிரதிதானா என்று பார்க்க 2267ஆம் பத்தியைத் திறங்கள். மரண தண்டனை பற்றியது. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றினார். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று இருந்தால் புதிய பாடம். அந்தத் தண்டனை தேவைப்படும் நிலை அநேகமாக இல்லாத அளவுக்கு அரிது என்று இருந்தால் பழைய பாடம். மற்றப் பத்திகளுக்குப் பழைய பிரதியும் பெரும்பாலும் போதும், ஆனால் அந்தத் தளத்தைப் பராமரிக்க ஆள் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கேள்வியை முழுவதுமாக எடுத்துப் பார்ப்போம். நம் ஊரில் கலப்புத் திருமணக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி: கத்தோலிக்கர் இறந்தால் எரியூட்டலாமா? அஸ்தியைக் கடலில் கரைக்கலாமா?

கூகுளில் தேடினால் பழைய கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் முன்னால் வந்து நிற்கும். காப்புரிமை முடிந்த நூல் என்பதால் நியூ அட்வென்ட் தொடங்கிப் பல தளங்களில் அது கிடக்கிறது. அதைப் படித்தால் எரியூட்டுவது தடை என்று முடிவுக்கு வருவீர்கள். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தொகுதிகள் 1907க்கும் 1912க்கும் இடையே வெளிவந்தவை. அப்போது 1886ஆம் ஆண்டுத் தடை நடப்பில் இருந்தது. உடல் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கையை மறுப்பதற்கென்றே ஐரோப்பாவில் சிலர் எரியூட்டலை இயக்கமாக நடத்திய காலம் அது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் தடையைத் தொடர்ந்தது. 1963இல் தடை தளர்ந்தது. இன்று நடப்பில் உள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1176ஆம் சட்டம், அடக்கம் செய்யும் வழக்கத்தையே திருச்சபை பெரிதும் பரிந்துரைக்கிறது என்றும், கிறிஸ்தவப் போதனைக்கு மாறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தாலொழிய எரியூட்டலைத் தடுப்பதில்லை என்றும் சொல்கிறது. மறைக்கல்வி 2301ஆம் பத்தியும் இதையே சொல்கிறது.

இத்தோடு நிறுத்திவிட்டு "அப்படியென்றால் கரைக்கலாம்" என்று சொல்லும் பதில்களும் நிறைய உண்டு. அதுவும் தவறு. 2016இல் வந்த திருப்பீட அறிவுரை, அஸ்தியைக் கல்லறைத் தோட்டம், ஆலயம் போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது, வழக்கமாக வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பிறகு 2023 டிசம்பரில் ஒரு கர்தினாலின் கேள்விக்குப் பதிலாக இன்னொரு குறிப்பு வந்தது. இறந்தவர்களின் அஸ்தியைப் பொதுவான ஒரு புனித இடத்தில் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், சில நிபந்தனைகளோடு திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். கடைசியில் கிடைக்கும் பதில்: எரியூட்டலாம், கரைக்கக் கூடாது. கலைக்களஞ்சியத்தின் 1908ஆம் ஆண்டுப் பக்கம் ஒரு பதிலும், 1983இல் நின்றுவிட்ட பக்கம் இன்னொரு பதிலும் தரும். கலைக்களஞ்சியத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பழைய பொதுச்சங்கங்கள், தொடக்ககாலத் திருத்தந்தையர், சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககால எழுத்தாளர்கள் பற்றி அறிய அது இன்றும் நல்ல நூல். திருவழிபாடு, நோன்பு, திருமணச் சட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் அங்கே போகாதீர்கள்.

எண்ணும் ஆண்டும் கிடைத்த பிறகு, சொன்னது எந்த வகை ஏடு என்று பாருங்கள். பொதுச்சங்கத்தின் கொள்கைத் திரட்டு, திருத்தூதுச் சட்டம், சுற்றுமடல், ஊக்கவுரை, புதன்கிழமை மறைக்கல்வி உரை, விமானத்தில் செய்தியாளருக்குச் சொன்ன பதில் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. ஏட்டின் தன்மை, ஒரே போதனை எத்தனை முறை திரும்ப வருகிறது, சொல்லும் விதம் ஆகியவற்றிலிருந்து எடையை அறிய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 25ஆம் பத்தியில் சொல்லியிருக்கிறது. "போப் சொல்லிவிட்டார், போதனை மாறிவிட்டது" என்று வரும் தலைப்புச் செய்திகளில் பெரும்பாலானவை நேர்காணலில் வந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டவை.

இனி தமிழுக்கு வருவோம். வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பிரிவு நாள்தோறும் இயங்குகிறது. திருத்தந்தையின் மூவேளைச் செப உரை, புதன் மறைக்கல்வி உரை, திருப்பீட அறிவிப்புகள் எல்லாம் தமிழில் வருகின்றன. கலைச்சொற்களைப் பழகிக்கொள்ளவும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது செய்தித் தளம். உரையின் சாரம்தான் பல நேரம் இருக்கும். சொல்லுக்குச் சொல் மேற்கோள் வேண்டுமென்றால் முதலில் சொன்ன வத்திக்கானின் அதிகாரப்பூர்வத் தளத்தில் அதே தேதியின் உரையைத் திறக்க வேண்டும்.

விவிலியத்துக்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். தமிழ் விக்கிமூலத்தில் அதன் பாடம் இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. கைப்பேசியில் 'தமிழ் பைபிள்' என்று தேடி இறக்கும் செயலிகளில் மிகுதியானவை 66 நூல்கள் கொண்ட புராட்டஸ்டண்ட் பதிப்புகள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்தர், தானியேல் நூல்களிலும் கூடுதல் பகுதிகள் உண்டு. இது வெறும் எண்ணிக்கைக் கணக்கு அல்ல. இறந்தோருக்காக வேண்டுதல் பற்றிப் பேசும் மறைக்கல்வி 1032ஆம் பத்தி 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிறது. 66 நூல் பதிப்பில் தேடினால் அந்த நூலே இருக்காது, உடனே "இல்லாத வசனத்தைக் காட்டுகிறார்கள்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

பத்துக் கட்டளையிலும் இதே கதை. உருவங்களை வணங்கக் கூடாது என்ற "இரண்டாம் கட்டளையை கத்தோலிக்கர் எடுத்துவிட்டார்கள்" என்று பேசும் தமிழ்க் காணொளிகளுக்குக் குறைவில்லை. கட்டளைகளைப் பிரித்து எண்ணும் முறை மரபுக்கு மரபு வேறுபடுகிறது. கத்தோலிக்கர் பின்பற்றுவது புனித அகுஸ்தினார் வகுத்த எண்ணிக்கை. 2066ஆம் பத்தி இதைச் சொல்கிறது. உருவங்கள் பற்றிய விளக்கம் 2129 முதல் 2132 வரை இருக்கிறது. விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம், முதலில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

தேடும்போது போடும் சொல்லும் முடிவை மாற்றும். 'கர்த்தர்', 'இரட்சிப்பு', 'பரிசுத்த ஆவி', 'சபை ஊழியம்' என்று தட்டினால் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட், பெந்தகோஸ்தே பக்கங்கள் வரும். 'ஆண்டவர்', 'மீட்பு', 'தூய ஆவி', 'திருமுழுக்கு', 'நற்கருணை', 'திருப்பலி', 'ஒப்புரவு', 'மறைமாவட்டம்' என்று தட்டினால் இன்றைய கத்தோலிக்கப் பக்கங்கள் வரும். 'சர்வேசுரன்', 'பூசை', 'பாவசங்கீர்த்தனம்', 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று இருந்தால் அது கத்தோலிக்கமே, ஆனால் பழைய நூலின் மறுபதிப்பாக இருக்கலாம். ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புனிதர்களின் வரலாற்றிலும் ஆண்டுதான் சிக்கல். கன்னியாகுமரிப் பகுதி மறைசாட்சியான தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டார், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதரானார். இடைப்பட்ட பத்தாண்டில் எழுதிய பக்கங்கள் இன்னும் 'அருளாளர்' என்றும், பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்தும் நிற்கின்றன. புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தச் சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்ற நான்கு படிகளில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைப் புனிதர் பட்டப் படிநிலைகளுக்கான திருப்பீடத் துறையின் தளத்தில் பார்க்கலாம்.

ஆங்கிலம் வசப்பட்டால் அமெரிக்க ஆயர் பேரவைத் தளம், கத்தோலிக் ஆன்சர்ஸ், ஈடபிள்யூடிஎன் என்ற கத்தோலிக்கத் தொலைக்காட்சி ஆகியவற்றில் கேள்வி பதில்கள் குவிந்திருக்கின்றன. போதனை பற்றிய கேள்விக்கு இவை நல்ல துணை. நடைமுறைக் கேள்விக்கு எச்சரிக்கை தேவை. திருப்பலிக்குக் கட்டாயம் போக வேண்டிய கடன் திருநாள்கள் என்று 1246ஆம் சட்டம் ஞாயிறு தவிரப் பத்து நாள்களைச் சொல்கிறது. அவற்றில் எதை விடலாம், எதை ஞாயிறுக்கு மாற்றலாம் என்று அந்தந்த நாட்டு ஆயர் பேரவை திருப்பீட ஒப்புதலோடு முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பும் அப்படித்தான்: 14 வயது முடிந்தவர்களைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டம் ஒன்று, அதற்கு மாற்றாக எதைச் செய்யலாம் என்று ஆயர் பேரவை தரும் விதி இன்னொன்று. அமெரிக்கத் தளத்தின் பதிலை மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அப்படியே கொண்டுவர முடியாது. அந்தத் தளங்களின் அரசியல் கட்டுரைகளும் அந்த நாட்டுத் தேர்தல் சண்டையின் பகுதி என்பதை நினைவில் வையுங்கள். சீரோ மலபார், சீரோ மலங்கரா வழிபாட்டு முறையினருக்கு 1990ஆம் ஆண்டுக் கீழைச் சபைகளின் தனிச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அவர்களும் முழுக் கத்தோலிக்கரே, ஆனால் சட்ட எண் கேட்டால் வேறு எண் வரும்.

யூடியூப் பேச்சாளர்களுக்கு ஒரே கேள்வி போதும்: இவர் தவறாகப் பேசினால் கூப்பிட்டுக் கேட்க யார் இருக்கிறார்? அருள்பணியாளர் (குரு) என்றால் ஒரு மறைமாவட்டமோ துறவற சபையோ இருக்கும். மறைமாவட்டத் தளங்களில் குருக்கள் பட்டியல் உண்டு, பெயரைத் தேடிப் பாருங்கள். வெள்ளை அங்கியை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் நடத்தும் நல்ல சேனல்களும் இருக்கின்றன. 'கத்தோலிக்க' என்ற பெயரை எந்த முயற்சியும் உரிய திருச்சபை அதிகாரத்தின் இசைவின்றிச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று 216ஆம் சட்டம் சொன்னாலும், இணையத்தில் அதைக் காவல் காப்பது நடக்காத காரியம். அதனால் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் படியுங்கள். முகவரி இல்லை, பொறுப்பாளர் பெயர் இல்லை, காணிக்கைக்கு வங்கிக் கணக்கு மட்டும் இருக்கிறது என்றால் வெளியே வந்துவிடுங்கள். புத்தகமாக இருந்தால், முன்பக்கத்தில் 'தடையில்லை' என்று தணிக்கையாளரும் 'அச்சிடலாம்' என்று ஆயரும் தந்த இசைவு இருக்கும். நம்பிக்கைக்கு மாறான பிழை இல்லை என்பது அதன் பொருள். நூலில் உள்ள ஒவ்வொரு கருத்தையும் ஆயர் ஆமோதிக்கிறார் என்று அதற்குப் பொருள் கிடையாது. இணையப் பக்கங்களுக்கு இப்படி இசைவு வாங்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

மரியாவோ இயேசுவோ தோன்றிச் சொன்னதாகக் காட்சிகள், செய்திகள், இரகசியங்கள் என்று பேசும் பக்கங்கள் தனி உலகம். தனிப்பட்ட வெளிப்பாடுகள், ஏற்கப்பட்டவை உட்பட, நம்பிக்கையின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தவை அல்ல என்று 67ஆம் பத்தி சொல்கிறது. தொடங்கும் கட்டத்தில் இவற்றை அப்படியே தள்ளி வையுங்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால், 2024 மே மாதம் திருப்பீடம் புதிய விதிகளை வெளியிட்டிருக்கிறது. 'தடையில்லை' முதல் 'இயற்கைக்கு அப்பாற்பட்டதல்ல' வரை ஆறு வகை முடிவுகள். எந்தக் காட்சி எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள். "இந்தச் செபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்" என்று வருவதற்கு விதி பார்க்கத் தேவையில்லை. 2111ஆம் பத்தி அதை மூடநம்பிக்கை என்ற தலைப்பில் வைத்துவிடும்.

போலிக் காணொளிகள் இப்போது பெருகிவிட்டன. 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாள்களிலேயே, புர்கினா பாசோ நாட்டுத் தலைவருக்கு அவர் பேசியதாக 36 நிமிடக் காணொளி பரவியது. அது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி என்று வத்திக்கான் செய்திகள் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. சரிபார்க்கும் வழி எளிது. வத்திக்கானின் அதிகாரப்பூர்வத் தளத்தில் திருத்தந்தையின் பெயரைத் திறந்து, உரைகள், ஆண்டு, மாதம் என்று போனால் தேதி வாரியாக எல்லாம் இருக்கும். அந்தத் தேதியில் அப்படி ஓர் உரை இல்லை, திருப்பீடப் பத்திரிகை அலுவலகத்தின் அன்றாட அறிக்கையிலும் இல்லை என்றால் காணொளியை நம்பாதீர்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் பதில் சரளமாக வரும், பத்தி எண்ணும் வரும். அந்த எண்தான் அடிக்கடி தவறாக இருக்கும். மாஜிஸ்டீரியம் ஏஐ என்ற கருவி திருச்சபை ஏடுகளை மேற்கோள் காட்டிப் பதில் தருவதற்கென்று 2023இல் வந்தது. அதுவும் திருச்சபையின் அதிகாரப்பூர்வக் குரல் அல்ல. எந்தக் கருவியானாலும் எண்ணை வாங்குங்கள், மூலத்தைத் திறங்கள்.

அன்றாடத் திருப்பலி வாசகங்களைத் தரும் தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. ஆண்டை மூன்றால் மீதியின்றி வகுக்க முடிந்தால் மூன்றாம் ஆண்டு. 2025 அப்படி, 2026 முதலாம் ஆண்டு. பொதுக்கால வாரநாள் முதல் வாசகம், ஒற்றைப்படை ஆண்டில் முதல் வரிசை, இரட்டைப்படையில் இரண்டாம் வரிசை. திருவழிபாட்டு ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடும், எனவே அந்த ஞாயிறு முதல் அடுத்த ஆண்டின் எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

திருமுழுக்குப் பெறும் எண்ணம் இருந்தால் அதற்கு இணையச் சான்றிதழ் எதுவும் செல்லாது. பெரியவர்களுக்கான தயாரிப்பு உங்கள் பகுதி ஆலயத்தின் பங்கில்தான் நடக்கும், படிப்படியாக, பல மாதங்கள். திருமுழுக்கு வழக்கமாகப் ஈஸ்டருக்கு முந்தைய இரவின் பாஸ்கா திருவிழிப்பில் கொடுக்கப்படும் என்பதால், முந்தைய ஆண்டின் நடுவிலேயே பங்குத்தந்தையையோ உபதேசியாரையோ பார்த்துவிடுவது நல்லது. படிக்கும்போது புரியாத பத்திகளின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். "எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று பொதுவாகத் தொடங்குவதைவிட "1257ஆம் பத்தியில் இந்த வரி புரியவில்லை" என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது எளிது.